மூன்றாம் பத்தியில் கிடந்த 7 மில்லிமீட்டர்

என் மாமாவுக்கு ஒருநாள் விடியற்காலை இடுப்பிலிருந்து அடிவயிறு வரை சுருட்டிப் பிடித்தது. பட்டர்வொர்த் வீட்டிலிருந்து மகன் காரில் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டி, பினாங்குத் தீவில் உள்ள ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்த்தான். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகக் கல். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். மறுநாள் காலை மாமா வீட்டில் உட்கார்ந்து தோசை பசியாறிக்கொண்டிருந்தார். சில நாட்களில் கல் தானாக இறங்கிவிட்டது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இரண்டு வருடம் கழித்து முழங்கால் அறுவைக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது பழைய ரிப்போர்ட்டெல்லாம் கேட்டார்கள். அத்தை அலமாரியிலிருந்த பிளாஸ்டிக் பையை அப்படியே தூக்கிக் கொடுத்தார். புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து, "அங்கிள், நெஞ்சுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தீங்களா?" என்றார்.

"நெஞ்சுக்கு எதுக்கு டாக்டர்? எனக்குக் கல்லுதானே?"

ரிப்போர்ட்டின் மூன்றாம் பத்தியில் கிடந்தது அது. வயிற்றை ஸ்கேன் செய்யும்போது நுரையீரலின் அடிப்பகுதியும் படத்தில் விழும். அங்கே வலது பக்கத்தில் 7 மில்லிமீட்டர் அளவில் ஒரு கணு, ஆங்கிலத்தில் 'நொட்யூல்' என்கிற சின்ன முடிச்சு. நெஞ்சு முழுவதற்கும் சி.டி. எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வரி. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்பில் வரும் முடிவுப் பகுதியில் கல் மட்டும்தான் இருந்தது. அவசரப் பிரிவில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான். பல சமயம் அதை மட்டும்தான்.

படம் எடுத்தவர் தவறு செய்யவில்லை. படித்த கதிரியக்க நிபுணரும் தவறு செய்யவில்லை, பார்த்தார், அளந்தார், எழுதினார். ஆனால் எழுதியது யாருக்கும் போய்ச் சேரவில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. 'மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு' என்றாலே படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் இயந்திரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது அதைவிடச் சாதாரணமான ஒரு கருவியைப் பற்றி. அது படத்தைப் பார்க்காது. மனிதர் எழுதிய ரிப்போர்ட்டைப் படிக்கும். ஏற்கெனவே ஒருவர் கண்டு எழுதி வைத்து, அப்புறம் காணாமல் போனதை மீட்டெடுப்பதுதான் அதன் வேலை.

தேடாமல் கிடைக்கும் இந்த மாதிரி விஷயங்களை மருத்துவர்கள் 'இன்சிடெண்டல் ஃபைண்டிங்' என்பார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான், ஆனால் கிளம்புவதில் பெரும்பாலானவை பூதமே இல்லை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, ஈரலில் ரத்தக்குழாய் முடிச்சு, பித்தப்பையில் கல், அட்ரினல் சுரப்பியில் சின்னக் கட்டி, தைராய்டில் ஒரு கணு. அட்ரினல் கட்டிக்கு 1982இல் 'இன்சிடெண்டலோமா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கட்டிகளின் பெயருக்கு வரும் 'ஓமா' விகுதியைத் தற்செயலோடு ஒட்டிய குறும்பான பெயர். சி.டி. ஸ்கேனில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டது 1971இல் லண்டனில். அதிலிருந்து பதினோரு வருடத்துக்குள் இப்படி ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது என்றால், இயந்திரம் தேடாததையெல்லாம் காட்டத் தொடங்கியது எவ்வளவு சீக்கிரம் என்று பாருங்கள்.

எதற்குப் பின்தொடர்ச்சி தேவை, எதை விட்டுவிடலாம் என்பதற்கு விதிகள் உண்டு. நுரையீரல் கணுவுக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படுவது நெஞ்சுப் பட நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் வழிகாட்டி. 2005இல் வந்தது, 2017இல் திருத்தப்பட்டது. திருத்தத்தின்படி, புற்றுநோய் அபாயம் குறைந்தவருக்கு 6 மில்லிமீட்டருக்குக் கீழே ஒற்றைத் திடக்கணு இருந்தால் வழக்கமான பின்தொடர்ச்சி வேண்டாம். 6 முதல் 8 வரை இருந்தால் 6 முதல் 12 மாதத்துக்குள் இன்னொரு சி.டி. 8க்கு மேல் போனால் மூன்று மாதத்தில் சி.டி., அல்லது பெட் ஸ்கேன், அல்லது திசு எடுத்துச் சோதனை. மாமாவுடையது போல வயிற்று ஸ்கேனில் 6 முதல் 8 வரையான கணு தற்செயலாகத் தெரிந்தால், 3 முதல் 12 மாதத்துக்குள் நெஞ்சு முழுவதையும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. அட்ரினல் கட்டி என்றால் அளவோடு அடர்த்தியும் பார்ப்பார்கள். சி.டி.யைக் கண்டுபிடித்தவரின் பெயரால் அழைக்கப்படும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் 10க்கு மேல் போகாமல் இருந்தால், அது பெரும்பாலும் கொழுப்பு நிறைந்த, ஆபத்தில்லாத கட்டி.

ஆக விதி இருக்கிறது, எண் இருக்கிறது, ரிப்போர்ட்டில் அளவும் இருக்கிறது. கணினிக்கு இதைவிட எளிதான வேலை என்ன? 'நொட்யூல்' என்ற சொல்லைத் தேடு, பக்கத்தில் உள்ள எண்ணை எடு, பட்டியலில் போடு. முதலில் எல்லோரும் அப்படித்தான் தொடங்கினார்கள். தொடங்கிய முதல் நாளே இடறினார்கள்.

ஏனென்றால் கதிரியக்க ரிப்போர்ட்டில் நோய்களின் பெயர் பெரும்பாலும் 'இல்லை' என்று சொல்வதற்கே வருகிறது. 'நோ நொட்யூல்' (கணு இல்லை), 'நோ எவிடென்ஸ் ஆஃப் மெட்டாஸ்டாசிஸ்' (புற்றுநோய் பரவிய அறிகுறி இல்லை) என்று பக்கம் பக்கமாக இல்லாததை எழுதுவது அந்தத் தொழிலின் வழக்கம். வெறும் சொல்லைத் தேடினால் ஆரோக்கியமான ஆட்களெல்லாம் நோயாளிகள் ஆகிவிடுவார்கள். இதற்கு 2001இல் பிட்ஸ்பர்க்கில் வெண்டி சாப்மனும் கூட்டாளிகளும் 'நெக்எக்ஸ்' என்ற எளிய முறையை வெளியிட்டார்கள். மறுப்புச் சொற்களின் பட்டியல் ஒன்று, அந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கம் சில வார்த்தை தூரம் வரை மறுப்பு செல்லும் என்ற விதி ஒன்று. அவ்வளவுதான். கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் இன்றைக்கும் பல மருத்துவ மென்பொருள்களுக்குள் அதன் வாரிசுகள் உட்கார்ந்திருக்கின்றன.

அதற்குள்ளேயே ஒரு வேடிக்கை. 'நோ சேஞ்ச் இன் தி 7 மில்லிமீட்டர் நொட்யூல்' என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நோ' இருக்கிறது, நொட்யூலும் இருக்கிறது. ஆனால் மறுக்கப்படுவது மாற்றம்தான், கணு அல்ல. கணு அங்கேயேதான் இருக்கிறது. இப்படி மறுப்பு போல வேடமிட்டு வருகிற தொடர்களுக்கு நெக்எக்ஸ் தனிப் பட்டியல் வைத்திருந்தது. அப்புறம் 'கான்டெக்ஸ்ட்' என்ற நீட்டிப்பு வந்தது. சொல்லப்படும் நோய் இப்போதையதா பழையதா, இவருக்கா இவருடைய அம்மாவுக்கா என்பதையும் அது பிரித்துப் பார்க்கும்.

இல்லை, இருக்கிறது என்ற இரண்டோடும் விஷயம் முடியவில்லை. கதிரியக்க நிபுணர்களின் மொழியில் மூன்றாவதாக ஒரு பெரிய பிரதேசம் உண்டு. 'இருக்கலாம்', 'மறுப்பதற்கில்லை', 'கிளினிக்கல் கோரிலேஷன் செய்து பாருங்கள்', அதாவது நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நம் ஊர் ஜோசியர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட செக்ஸ்பெர்ட் தொகுப்பில் 224,316 நெஞ்சு எக்ஸ்ரே படங்கள் இருக்கின்றன. அவற்றின் ரிப்போர்ட்டைத் தானாகப் படித்து 14 வகைக் குறிப்புகளை எடுத்த மென்பொருள், 'உண்டு', 'இல்லை'யோடு 'உறுதியில்லை' என்ற பெட்டியையும் தனியாக வைத்தது. அந்தப் பெட்டியில் விழுந்தவற்றை என்ன செய்வது என்பதே அந்த ஆய்வின் பாதி. என்னைக் கேட்டால் அந்தப் பெட்டியைத் திறந்தபடி வைத்ததுதான் அவர்களுடைய நேர்மை.

இதன் பிறகு இயந்திரக் கற்றல். 2018இல் எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளப் பழகிய கூகுளின் 'பெர்ட்' என்ற மொழி மாதிரி வந்தது. அடுத்த வருடமே மருத்துவக் கட்டுரைகளில் பழகிய 'பயோபெர்ட்', மருத்துவமனைக் குறிப்புகளில் பழகிய 'கிளினிக்கல்பெர்ட்' எல்லாம் வந்துவிட்டன. இப்போது சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மொழி மாதிரிகள். தனியாகப் பயிற்சி கொடுக்காமலேயே "இந்த ரிப்போர்ட்டில் ஸ்கேன் எடுத்த காரணத்துக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் பின்தொடர வேண்டிய விஷயம் ஏதாவது உண்டா?" என்று கேட்டால் பதில் சொல்கின்றன. பதிலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சில நேரம் ரிப்போர்ட்டில் இல்லாத கணுவையும் சேர்த்துச் சொல்லிவிடும் என்பதுதான் சிக்கல். அதற்கு ஒரு எளிய கடிவாளம் இருக்கிறது. 'எந்த வாக்கியத்தை வைத்துச் சொல்கிறாய், அதை அப்படியே எடுத்துக் கொடு' என்று கேட்க வேண்டும். அந்த வாக்கியம் ரிப்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று ஒரு சாதாரண நிரல் ஒப்பிட்டுப் பார்த்துவிடும். இல்லையென்றால் பதில் குப்பைக்குப் போகும்.

மேலே அந்தக் கேள்வியை இன்னொரு முறை பாருங்கள். 'ஸ்கேன் எடுத்த காரணத்துக்குச் சம்பந்தமில்லாத' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. உண்மையான கஷ்டம் எல்லாம் அதற்குள்தான். தற்செயல் என்பது கணுவின் குணம் இல்லை, சூழ்நிலையின் குணம். கல்லுக்காக வந்த என் மாமாவிடம் 7 மில்லிமீட்டர் கணு தற்செயல். குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவரிடம் அதே கணு தெரிந்தால், அதைத் தேடித்தான் ஸ்கேனே எடுத்திருப்பார்கள். ஃப்ளைஷ்னர் விதிகளும் ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பொருந்தாது. ஆகவே மென்பொருள் கணு இருக்கும் வரியை மட்டும் படித்தால் போதாது. ஏன் அனுப்பினார்கள் என்ற குறிப்பைப் படிக்க வேண்டும், வயதைப் பார்க்க வேண்டும், பழைய படத்தோடு ஒப்பிட்ட வரியையும் பார்க்க வேண்டும். அனுப்பும் காரணம் எழுதும் இடத்தில் அவசரத்தில் 'வயிற்று வலி' என்ற இரண்டே சொல் எழுதியிருந்தால், மென்பொருள் என்ன, மனிதரே திணறுவார்.

இரண்டு நிபுணர்களிடம் ஒரே ரிப்போர்ட்டைக் கொடுத்து 'இதில் பின்தொடர வேண்டியது எது' என்று குறிக்கச் சொன்னால், இரண்டு பேரும் ஒரே இடத்தில் கோடு போட மாட்டார்கள். கொழுப்பு ஈரலை ஒருவர் எடுத்துக்கொள்வார், இன்னொருவர் "மலேசியாவில் யாருக்குத்தான் இல்லை?" என்று விட்டுவிடுவார். மனிதர்கள் குறித்ததைப் பார்த்துத்தான் இயந்திரம் பழகுகிறது. அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாததை அது எப்படித் துல்லியமாகக் கற்கும்?

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் கதிரியக்க ரிப்போர்ட்டுகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. அதனால் வெளிநாட்டில் செய்த கருவியை அப்படியே கொண்டுவந்து பொருத்தலாம் என்று தோன்றும். முழுக்கப் பொருந்தாது. இந்தத் துறையில் வெளிப்படையாகக் கிடைக்கும் பெரிய தரவுகளில் ஒன்றான மிமிக், பாஸ்டனில் உள்ள ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தது. நம் டாக்டர்கள் எழுதுவது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். ஹீமாஞ்சியோமாவிலும் டியூமரிலும் அமெரிக்கர்கள் போடாத எழுத்துகள் இருக்கும். இன்றைய மொழி மாதிரிகளுக்கு இது பெரிய விஷயமில்லை, சொற்பட்டியலை நம்பும் பழைய கருவிகளுக்குத் தலைவலி. அதைவிடப் பெரிய வேறுபாடு உடம்பில் இருக்கிறது. காசநோய் இங்கே இன்னும் ஒழிந்தபாடில்லை. 'ஓல்ட் பி.டி.பி.' என்ற சுருக்கத்தை நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி பார்க்கலாம். பழைய நுரையீரல் காசநோய் விட்டுப்போன தழும்பு என்று அர்த்தம். அந்தத் தழும்பும் படத்தில் கணுவாகத்தான் தெரியும். காசநோய் பரவலாக உள்ள ஆசிய நாடுகளுக்கென்று தனி வழிகாட்டி ஒன்றை 2016இல் நிபுணர்கள் கூடி வெளியிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பாஸ்டன் ரிப்போர்ட்டில் பழகிய மென்பொருளுக்கு 'பி.டி.பி.' என்ற மூன்றெழுத்தின் கனம் தெரிய வாய்ப்பு குறைவு.

அப்புறம் பெயர்கள். ரிப்போர்ட்டை ஆராய்ச்சிக்கோ வெளியில் உள்ள கணினிக்கோ அனுப்ப வேண்டுமானால் நோயாளியின் அடையாளத்தை அழிக்க வேண்டும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை 'சென்சிட்டிவ்' தரவாக வைக்கிறது. அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்பது வேறு கதை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று எதிர்பார்க்கும் கருவிக்கு முன்னால் 'முனியாண்டி அ/லெ கருப்பையா', அதாவது கருப்பையாவின் மகன் முனியாண்டி, என்ற பெயரை நிறுத்தினால் என்ன செய்யும்? அப்பா பெயரை அழித்துவிட்டு மகன் பெயரை விட்டுவைத்தாலும் ஆச்சரியமில்லை. பன்னிரண்டு இலக்க ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அது ஒரு வரியில் தங்கிவிட்டாலும் அடையாளம் தெரிந்துவிடும். இதனாலேயே சிறிய மாதிரி ஒன்றை மருத்துவமனைக்குள்ளேயே, சொந்தக் கணினியில் ஓட்டுவது நல்லது என்பது என் கட்சி. கொஞ்சம் புத்தி குறைவாக இருந்தாலும் வீட்டுக்குள் இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்களெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். ஆயிரம் ரிப்போர்ட்டில் 80இல் உண்மையிலேயே பின்தொடர வேண்டியது இருக்கிறது. மென்பொருள் அதில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, இல்லாத 920இல் 5 சதவீதத்தை மட்டும் தவறாகத் தூக்குகிறது. அதாவது 72ஐப் பிடித்தது, 8ஐ விட்டது, வீணாக 46 முறை மணி அடித்தது. மொத்தம் 118 மணி. அதில் ஐந்துக்கு இரண்டு வீண். கேட்க மோசமாக இருக்கிறது. ஆனால் இப்போது ஒரு மிஸ்ஸி (தாதி) ஆயிரம் ரிப்போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை, 118ஐத் திறந்தால் போதும். இந்தக் கருவியை ஒரு மேதை மருத்துவரோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. யாருமே படிக்காத மூன்றாம் பத்தியோடுதான் ஒப்பிட வேண்டும்.

வீண் மணிக்கு விலை இல்லாமலும் இல்லை. தென்கொரியாவில் உடல்பரிசோதனையோடு தைராய்டையும் ஸ்கேன் செய்யும் வழக்கம் பரவியது. 1993இல் இருந்ததைவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் பதிவாகும் விகிதம் 15 மடங்கு ஆகிவிட்டது. இறப்பு விகிதமோ நகரவேயில்லை. தன் வாழ்நாளில் ஒரு தொந்தரவும் தந்திருக்காத கணுவுக்காக எத்தனையோ பேர் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டார்கள். 2003இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் இப்படிச் சிக்குபவர்களை 'நவீனப் படக்கருவிகளின் பலிகள்' என்று சொல்லி, அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'வாமிட்' என்று பெயர் வைத்தார். ஃப்ளைஷ்னர் சங்கம் 2017இல் தன் அளவை உயர்த்தியதும் தேவையில்லாத ஸ்கேன்களைக் குறைப்பதற்குத்தான். எனவே கருவி 'கணு இருக்கிறது' என்று கத்தினால் போதாது, 'இந்தக் கணுவுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று வாயை மூடிக்கொண்டிருக்கவும் தெரிய வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

சரி, நன்றாகவே கண்டுபிடித்துவிட்டது என்று வைப்போம். யாரிடம் சொல்வது? இங்கேதான் பினாங்கு தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தவர் ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி டாக்டராக இருக்கலாம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவருக்குத் துறை மாறும். இரவில் நோயாளியை அனுப்பிவிட்ட பிறகு காலையில் முழு ரிப்போர்ட் வந்தால், அதைத் திறக்க வேண்டியவர் வேறு வார்டில் இருப்பார். தனியார் பக்கம் வேறு விதம். இன்றைக்கு ஒரு மருத்துவமனை, காப்பீட்டு அட்டை மாறினால் நாளைக்கு இன்னொன்று. ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டையும் இணைப்பது அத்தையின் பிளாஸ்டிக் பைதான். மேடானிலிருந்து விமானம் ஏறி இங்கே வைத்தியத்துக்கு வரும் இந்தோனேசியர்களோ ஏராளம். வந்த நோய்க்குப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து எடுக்க வேண்டிய ஸ்கேனை யார் நினைவுபடுத்துவது, கடலுக்கு அந்தப் பக்கம் எந்த டாக்டரிடம் சொல்வது?

மென்பொருளை வாங்குவதற்கு முன்னால் ஒரு மருத்துவமனை கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதன் துல்லியம் எத்தனை சதவீதம் என்பது அல்ல. அந்த 118 பேரின் பட்டியல் தினமும் எந்த மேசைக்குப் போகும், அந்த மேசையில் யார் உட்கார்ந்திருப்பார், அவர் விடுப்பில் போனால் யார் என்பதுதான். நோயாளியை அழைத்தோம், அவர் வந்தார், ஸ்கேன் எடுத்தாயிற்று என்று குறிக்கும் வரை பட்டியலிலிருந்து பெயர் போகக்கூடாது. இதற்கு நுண்ணறிவு எதுவும் வேண்டாம், ஒரு ஆளும் ஒரு அட்டவணையும் போதும். சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

மாமாவுக்கு நெஞ்சு சி.டி. எடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இருந்த அதே 7 மில்லிமீட்டர், நகரவில்லை. சிறு வயதில் தோட்டத்தில் இருந்தபோது மாதக்கணக்கில் இருமல் மருந்து சாப்பிட்டதாக அத்தை அப்போதுதான் சொன்னார். காசநோய்த் தழும்பாக இருக்கலாம், விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். நல்லவேளை என்று எல்லோரும் மூச்சு விட்டோம்.

ரிப்போர்ட்டைப் படித்துத் தானாகவே போன் செய்யும் ஏற்பாடு வந்தால் எப்படியிருக்கும் என்று மாமாவிடம் கேட்டேன். தெரியாத நம்பரிலிருந்து ஒரு குரல், மலாயில், 'உங்கள் ஸ்கேனில் ஒன்று தெரிந்திருக்கிறது, ஐ.சி. எண்ணைச் சொல்லுங்கள்' என்று கேட்டால்?

"ஸ்கேமர்னு வச்சிருவேன்" என்றார் மாமா. இப்போது எல்லா மருத்துவமனைப் படிவங்களிலும் தொடர்பு எண் என்ற இடத்தில் மகளின் நம்பரைத்தான் எழுதுகிறார்.